6 மாநிலத்திலிருந்து 49 மாநிலத்துக்கு: அமெரிக்க வலதுசாரிகள் 20 வருடத்தில் ஏறியது எப்படி?

#1 | வடகரை

1964 அமெரிக்க அதிபர் தேர்தல் வரைபடத்தையும் 1984 வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதில் குடியரசுக் கட்சியின் பேரி கோல்ட்வாட்டருக்குக் கிடைத்தது 6 மாநிலம். சொந்த மாநிலமான அரிசோனா, அப்புறம் தெற்குக் கோடியில் இருக்கும் மிசிசிப்பி, அலபாமா, ஜார்ஜியா, லூசியானா, தென் கரோலைனா. அவரைத் தோற்கடித்த லிண்டன் ஜான்சனுக்கு 61 சதவீத வாக்கு. மாநிலவாரியாகக் கிடைத்து அதிபரைத் தீர்மானிக்கும் எலெக்டோரல் வாக்குக் கணக்கில் 486-க்கு 52. வலதுசாரி அரசியலுக்கு அன்றைக்கே பாடை கட்டியவர்கள் நிறைய.

இரண்டாவதில் ரொனால்ட் ரீகனுக்கு 49 மாநிலம், 525 எலெக்டோரல் வாக்கு. எதிரே நின்ற வால்டர் மாண்டேலுக்குச் சொந்த மாநிலமான மின்னசோட்டாவும் தலைநகர் வாஷிங்டனும் மட்டும்.

என்னை உறுத்துவது இதுதான். 1964 அக்டோபர் 27 அன்று கோல்ட்வாட்டருக்காகத் தொலைக்காட்சியில் பேசி ரீகன் அரசியலில் பெயர் வாங்கினார். வரி அதிகம், மத்திய அரசு பெருத்துவிட்டது, கம்யூனிஸ்டுகளிடம் வளைந்து கொடுக்கக் கூடாது என்பதே அந்தப் பேச்சு. 1980-இல் பேசியதும் ஏறக்குறைய அதேதான். சரக்கு அப்படியே இருக்கிறது, வாங்க ஆள் எங்கிருந்து வந்தது?

என் கருத்து: அமெரிக்கர்கள் ஒரு நல்ல நாளில் பழமைவாதிகளாக மாறிவிடவில்லை. 1930-களில் அதிபர் ரூஸ்வெல்ட் கட்டிய ஜனநாயகக் கட்சிக் கூட்டணியில் தெற்கத்தி வெள்ளையர், வடக்கின் ஆலைத் தொழிலாளர், கத்தோலிக்கர், யூதர், கறுப்பின மக்கள் எல்லோரும் இருந்தார்கள். இவர்களில் பலர் வெவ்வேறு வருடத்தில், வெவ்வேறு கோபத்தில் வெளியேறினார்கள். வெளியே வந்தவர்களுக்கு உட்கார இடம் போட்டு வைத்திருந்ததுதான் வலதுசாரிகளின் சாமர்த்தியம். எந்தக் கோபம் பெரியது என்பதில் சண்டை போடலாம், அதற்குத்தான் இந்த இழை. 2000-க்குப் பிறகு நடந்ததை மட்டும் இங்கே இழுக்காதீர்கள். அதற்கான இழைகள் ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கின்றன.

#2 | செம்மண்

வடகரை, கேள்விக்குள்ளேயே பதிலை வைத்திருக்கிறீர்கள். அரிசோனாவை எடுத்துவிட்டால் மற்ற ஐந்துக்கும் பொதுவானது என்ன? கறுப்பின மக்களை வாக்குச்சாவடிப் பக்கமே அண்ட விடாத மாநிலங்கள் அவை. 1964 ஜூலையில், இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் குடிமை உரிமைச் சட்டத்தில் ஜான்சன் கையெழுத்துப் போட்டார். செனட்டில் அதை எதிர்த்த குடியரசுக் கட்சிக்காரர்கள் ஆறே பேர், அதில் கோல்ட்வாட்டர் ஒருவர். நவம்பரில் மிசிசிப்பி அவருக்கு 87 சதவீதத்தை அள்ளிக் கொடுத்தது. உள்நாட்டுப் போர்க் காலத்திலிருந்து லிங்கனின் கட்சியான குடியரசுக் கட்சி என்றாலே முகத்தைத் திருப்பிக்கொண்ட ஊர் அது. வரிக் குறைப்பின் மீது திடீர்க் காதல் வந்தா இது நடந்தது?

இதற்கு முன்கதையும் உண்டு. 1948-இல் ஜனநாயகக் கட்சி அதிபர் ட்ரூமன் குடிமை உரிமைப் பக்கம் சாய்ந்ததும் தென் கரோலைனாவின் ஸ்ட்ராம் தர்மண்ட் தனியாக நின்று 4 மாநிலம் பிடித்தார். அதே தர்மண்ட் 1964 செப்டம்பரில் குடியரசுக் கட்சிக்குத் தாவினார். 1968-இல் இனப் பிரிவினை பேசிய அலபாமாவின் ஜார்ஜ் வாலஸ் மூன்றாவது அணியாக நின்று 13.5 சதவீதமும் 5 மாநிலமும் பெற்றார். அந்தத் தேர்தலில் குடியரசுக் கட்சியின் நிக்சனுக்கு 43.4, ஜனநாயகக் கட்சியின் ஹம்ஃப்ரிக்கு 42.7. நிக்சனையும் வாலஸையும் கூட்டிப் பாருங்கள், ஏறக்குறைய 57. அடுத்த இருபது வருடத்துக் கணக்கு அந்த ஒரு கூட்டலில் அடங்கிவிட்டது. 1972-இல் வாலஸ் களத்தில் இல்லை, நிக்சனுக்கு 60 சதவீதத்துக்கு மேல், 49 மாநிலம்.

1980 ஆகஸ்டில் ரீகன் கட்சி வேட்பாளரானதும் போய்ப் பேசிய இடங்களில் ஒன்று மிசிசிப்பியின் நெஷோபா கவுண்டி (மாவட்டம் மாதிரி) திருவிழா. 1964-இல் மூன்று குடிமை உரிமைத் தொண்டர்களைக் கொன்று மண்ணில் புதைத்தது அந்த வட்டாரத்தில்தான். அங்கே நின்று மாநிலங்களின் உரிமையில் எனக்கு நம்பிக்கை உண்டு என்றார். இனப் பிரிவினையைக் காக்கத் தெற்கு வழக்கமாகப் பிடித்துக்கொண்ட வாதம் அது. அந்தக் கூட்டத்துக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

#3 | கணக்குப்பிள்ளை

செம்மண் தோழர் 1968-இலிருந்து நேராக 1980-க்குக் குதித்துவிட்டார். நடுவில் 1976 இருக்கிறது. ஜனநாயகக் கட்சியின் ஜிம்மி கார்ட்டர், உள்நாட்டுப் போரில் பிரிந்து நின்ற பழைய தெற்குக் கூட்டமைப்பு மாநிலங்களில் வர்ஜீனியா தவிர அத்தனையையும் ஜெயித்தார், கறுப்பின மக்களின் வாக்கோடு. 1980-இலும் ரீகன் அலபாமா, மிசிசிப்பி, டென்னசி, ஆர்கன்சா, தென் கரோலைனாவை 2 புள்ளிக்கும் குறைவான வித்தியாசத்தில்தான் எடுத்தார். இனம் ஒன்றே காரணம் என்றால் தெற்கு 1964-லேயே மொத்தமாகப் போயிருக்க வேண்டும்.

இன்னொன்று. டெக்சஸ், ஃபுளோரிடா, வர்ஜீனியா, டென்னசி நான்கும் 1952-இலும் 1956-இலும் குடியரசுக் கட்சியின் ஐசனோவருக்கு விழுந்தவை. அங்கே இராணுவத் தளம், எண்ணெய், விமானத் தொழிற்சாலை, குளிர்சாதன வசதியோடு முளைத்த புறநகர் என்று புதிய நடுத்தர வர்க்கம் வந்துகொண்டிருந்தது. அவர்கள் குடியரசுக் கட்சிக்குப் போன பாதை வேறு, மிசிசிப்பி போன பாதை வேறு.

#4 | டெட்ராய்ட்வாசி

தெற்கையே பேசிக்கொண்டிருந்தால் பாதிக் கதை விட்டுப்போகும். நான் இருக்கும் மிச்சிகனைப் பாருங்கள். டெட்ராய்ட்டுக்கு வடக்கே மாகோம்ப் கவுண்டி. கார் ஆலைத் தொழிலாளர்கள், போலந்து, இத்தாலிய வம்சாவளிக் கத்தோலிக்கர்கள், தொழிற்சங்க அட்டை வைத்திருப்பவர்கள். 1960-இல் கென்னடிக்கு 63 சதவீதம் போட்ட இடம். 1984-இல் ரீகனுக்கு 66 சதவீதம் போட்டது. ஜனநாயகக் கட்சிக்காகக் கருத்துக்கணிப்பு எடுக்கும் ஸ்டான்லி கிரீன்பெர்க், இவர்கள் ஏன் போனார்கள் என்று பார்க்க 1985-இல் இங்கே வந்து உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தார். ‘ரீகன் டெமாக்ரட்’ என்ற பேர் ஊரறிய நிலைத்தது இந்த மாகோம்ப் கதையால்தான்.

இதில் இனம் இருந்ததா? நிச்சயமாக. 1972 மே 15 அன்று பிரச்சாரத்தில் வாலஸைச் சுட்டார்கள்; மறுநாள் மிச்சிகனின் ஜனநாயகக் கட்சி பிரைமரியில் (கட்சி வேட்பாளரைத் தேர்வு செய்யும் தேர்தல்) ஜெயித்தது அவர்தான். அலபாமாக்காரர் மிச்சிகனில்! காரணம் பள்ளிப் பேருந்து. டெட்ராய்ட் நகரக் கறுப்பினப் பிள்ளைகளையும் சுற்றுப்புற வெள்ளைப் பிள்ளைகளையும் பேருந்தில் ஏற்றி ஒன்றாகப் படிக்கவைக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிக்கொண்டிருந்த நேரம். 1974-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டது. ஆனாலும் கோபம் நிற்கவில்லை. தீர்ப்பு எழுதியவர்களின் பிள்ளைகள் தனியார் பள்ளியில், சோதனைக்கு மட்டும் நம் பிள்ளைகளா என்று கேட்டார்கள். இன வெறுப்பும் வர்க்கக் கோபமும் அங்கே ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. இது எத்தனை சதவீதம், அது எத்தனை சதவீதம் என்று பிரித்துக் கேட்டால் அந்த மனிதர்களுக்கே பதில் தெரிந்திருக்காது.

#5 | அரைகுறை

இவ்வளவு நேரமும் பைபிளைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே? ரீகனைத் தூக்கிவிட்டது தேவாலயங்கள்தான் என்றுதான் நான் இத்தனை நாள் எல்லோரிடமும் அளந்துகொண்டிருக்கிறேன். என் மானத்தைக் காப்பாற்ற யாராவது வாருங்கள்.

#6 | ஆலமரத்தடி

அரைகுறை தம்பிக்கு: பாதி காப்பாற்றலாம்.

முதலில் ஒரு முரண். 1976-இல் ‘நான் மறுபடி பிறந்த கிறிஸ்தவன்’ என்று வெளிப்படையாகச் சொல்லி நின்றவர் கார்ட்டர். ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்துகிற பாப்டிஸ்ட் (புராட்டஸ்டன்ட் சபைப் பிரிவு). ரீகன் விவாகரத்து ஆனவர், ஹாலிவுட்காரர், கோயிலுக்குப் போவதும் அபூர்வம். கலிபோர்னியா ஆளுநராக 1967-இல் கருக்கலைப்பைத் தளர்த்திய சட்டத்திலும், 1969-இல் யார் மீதும் குற்றம் சாட்டாமலே விவாகரத்து பெறலாம் என்ற சட்டத்திலும் கையெழுத்துப் போட்டவர். பக்தர்கள் பக்தரை விட்டுவிட்டு நடிகரிடம் போனார்கள் என்றால், பக்திக்கு வெளியே ஏதோ நடந்திருக்க வேண்டும்.

கருக்கலைப்பை நாடு முழுக்க அனுமதித்த ரோ தீர்ப்பு 1973 ஜனவரியில் வந்தது. அன்றைக்கு எதிர்த்து நின்றவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். தெற்கத்தி பாப்டிஸ்ட் மாநாடு என்ற சபைகளின் கூட்டமைப்பு 1971-லேயே சில சூழ்நிலைகளில் கருக்கலைப்பை அனுமதிக்கலாம் என்று தீர்மானம் போட்டிருந்தது. வர்ஜீனியாவின் போதகர் ஜெர்ரி ஃபால்வெல் 1965-இல் போதகர்களுக்கு அரசியல் ஊர்வலத்தில் என்ன வேலை என்று மார்ட்டின் லூதர் கிங்கைக் குத்திப் பிரசங்கம் செய்தவர். அதே ஃபால்வெல்தான் 1979-இல் ‘மாரல் மெஜாரிட்டி’ என்ற கிறிஸ்தவ வலதுசாரி அரசியல் அமைப்பைத் தொடங்கினார்.

நடுவில் என்ன ஆனது? பள்ளி. 1960-களில் தெற்கில் தனியார் கிறிஸ்தவப் பள்ளிகள் நிறைய முளைத்தன. அரசுப் பள்ளியில் கறுப்பினப் பிள்ளைகளோடு உட்காரக் கூடாது என்பதற்காகத் தொடங்கியவை அதில் கணிசம். இனப் பாகுபாடு காட்டும் பள்ளிக்கு வரிவிலக்கு கிடையாது என்று அரசு சொல்லி, 1976-இல் பாப் ஜோன்ஸ் என்ற கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தின் விலக்கை எடுத்தது. 1978-இல், கார்ட்டர் ஆட்சியில், வருமான வரித்துறை தனியார் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் கடுமையான விதி கொண்டுவரப் பார்த்தது. சபைகள் கொதித்தன, வாஷிங்டனில் கடிதங்கள் குவிந்தன. பால் வேரிக் என்ற வலதுசாரி அமைப்பாளர், போதகர்களை ஒன்று சேர்த்தது இந்த வரிப் பிரச்சினைதான், கருக்கலைப்பு அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது என்று பின்னாளில் அடித்துச் சொன்னார்.

1980 ஆகஸ்டில் டாலஸில் போதகர்கள் மாநாடு. நீங்கள் என்னை வெளிப்படையாக ஆதரிக்க முடியாது என்று தெரியும், ஆனால் நான் உங்களை ஆதரிக்கிறேன் என்றார் ரீகன். வரிவிலக்கு வாங்கும் சபை வேட்பாளரை ஆதரிக்கக் கூடாது என்பது சட்டம். அந்த வம்பையே வாக்கியமாக மாற்றிவிட்டார் மனிதர். அரங்கம் எழுந்து நின்றது.

#7 | செம்மண்

ஆக, சுற்றிச் சுற்றி மறுபடி இனத்துக்கே வந்துவிட்டோம். நன்றி ஐயா.

#8 | ஆலமரத்தடி

அவசரம் வேண்டாம் செம்மண். வேரிக் சொன்னது தலைவர்களைக் கூட்டிய கதை. பின்னால் வந்த ஜனங்களுக்குக் கோபமூட்டியவை வேறு. 1962-இல் அரசுப் பள்ளிப் பிரார்த்தனைக்கு வந்த தடை, 1977-இல் மயாமியை ஒட்டிய டேட் கவுண்டியில் ஒருபாலின உறவாளர்களுக்குப் பாதுகாப்பு தந்த விதி (இதை எதிர்த்துத்தான் பாடகி அனிதா பிரையன்ட் பிரச்சாரம் நடத்தினார்), தொலைக்காட்சி, போதைப்பொருள், விவாகரத்து. தங்கள் வீட்டுக்குள் யாரோ வாஷிங்டனிலிருந்து கை நீட்டுகிறார்கள் என்ற பயம் அவர்களுக்கு உண்மையாகவே இருந்தது. அந்தப் பயம் எல்லாமே முகமூடி என்று எழுதிவிட்டால் அவர்களை நீங்கள் புரிந்துகொள்ளப் போவதில்லை.

#9 | மீனலோசனி

எட்டுப் பதிவு தாண்டியும் ஒரு பெண்ணின் பெயர் வந்தது பாடகி ஒருவரோடு மட்டும்! ஃபிலிஸ் ஷ்லாஃப்லி இல்லாமல் இந்தக் கதையை எப்படிச் சொல்கிறீர்கள்?

இல்லினாய்க்காரர், ஆறு பிள்ளைகளுக்குத் தாய், 1964-இல் கோல்ட்வாட்டருக்காகப் புத்தகம் எழுதித் தானே அச்சடித்து லட்சக்கணக்கில் பரப்பியவர். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம உரிமை என்று அரசமைப்பிலேயே எழுதும் திருத்தம் 1972-இல் காங்கிரஸை, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தை, தாண்டியது. 38 மாநிலம் ஒப்புக்கொண்டால் போதும், முதல் வருடத்திலேயே 30 மாநிலம் வந்துவிட்டது. இரண்டு கட்சியும் ஆதரவு, அதிபர் நிக்சன் ஆதரவு. இனித் தடுக்க முடியாது என்று எல்லோரும் நினைத்தபோது ஷ்லாஃப்லி இறங்கினார். பெண்களையும் கட்டாயமாகப் போர்முனைக்கு அனுப்புவார்கள், ஜீவனாம்சம் போய்விடும் என்று ஊர் ஊராகப் பேசினார். அவருடைய ஆட்கள் வீட்டில் சுட்ட ரொட்டியையும் ஜாமையும் எடுத்துக்கொண்டு சட்டமன்ற உறுப்பினர்களைப் பார்க்கப் போவார்கள். ஆதரவு 35 மாநிலத்தோடு நின்றது. நீட்டித்த கெடுவும் 1982-இல் முடிந்து திருத்தம் செத்தது.

இதில் கட்சி அரசியல் எங்கே என்றால், 1940-இலிருந்து இந்தத் திருத்தத்தை ஆதரித்து வந்த குடியரசுக் கட்சி 1980 தேர்தல் அறிக்கையில் அந்த ஆதரவைக் கைவிட்டது. முன்னாள் அதிபர் ஃபோர்டின் மனைவி பெட்டி ஃபோர்டு திருத்தத்துக்காகவே மேடை ஏறியவர் என்பதை நினைத்துப் பாருங்கள், நாலு வருடத்தில் கட்சி யார் கைக்குப் போனது என்று தெரியும். அதே தேர்தலில்தான் ஆண் வாக்குக்கும் பெண் வாக்குக்கும் இடையே பெரிய விரிசல் முதல்முறையாகத் தெரிந்தது. ரீகனுக்கு ஆண்களிடம் கிடைத்ததைவிடப் பெண்களிடம் சுமார் 8 புள்ளி குறைவு. அந்த விரிசல் அப்புறம் மூடவே இல்லை. 49 மாநிலம் என்று மொத்தமாகச் சொல்லும்போது இது தெரியாமல் போகிறது.

#10 | கணக்குப்பிள்ளை

நான் மறுபடி பணத்துக்கு வருகிறேன். 1980-இல் அமெரிக்கப் பணவீக்கம் 13.5 சதவீதம். வங்கிகள் பெரிய வாடிக்கையாளர்களுக்கே அந்த டிசம்பரில் 21.5 சதவீத வட்டி கேட்டன. இதை வெறும் ‘விலைவாசி உயர்வு’ என்று படித்துவிட்டுப் போகாதீர்கள், அது வரியோடு சேர்ந்து செய்த வேலைதான் விஷயம்.

அன்றைக்கு வருமான வரி அடுக்குகள் விலைவாசியோடு சேர்ந்து நகராது. சம்பளம் 10 சதவீதம் ஏறுகிறது, கடையில் விலையும் 10 சதவீதம் ஏறுகிறது. கையில் மிஞ்சுவது ஒன்றும் கிடையாது, ஆனால் வரித்துறை பார்வையில் நீங்கள் மேல் அடுக்குக்குப் போய்விட்டீர்கள். பணக்காரர்களுக்கென்று போட்ட வரிவிகிதம் ஆலைத் தொழிலாளியின் வீட்டு வாசலுக்கு வந்தது இப்படித்தான். காங்கிரஸ் ஒரு வாக்குக்கூடப் போடாமல் வரி ஏறிக்கொண்டே போனது.

கலிபோர்னியாவில் இது வீட்டில் வெடித்தது. வீட்டு விலை எகிறியதால் சொத்து வரியும் எகிறியது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், வீட்டை விற்கும் எண்ணமே இல்லாதவர், விற்றால் கிடைக்கும் விலைக்கு வரி கட்ட வேண்டும். அதே நேரம் மாநிலக் கஜானாவில் பல நூறு கோடி டாலர் உபரி கிடந்தது! 70 வயதைத் தாண்டிய ஹோவர்ட் ஜார்விஸ் கையெழுத்து வாங்கி ‘13-ஆம் முன்மொழிவு’ என்று பொதுவாக்கெடுப்புக்குக் கொண்டுபோனார். வரி மதிப்பில் 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, வீடு கைமாறும்வரை மதிப்பை வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. 1978 ஜூன் 6 அன்று சுமார் 65 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். இரண்டு வருடத்தில், தாராளவாதக் கோட்டை என்று பேர் வாங்கிய மாசசூசெட்ஸிலேயே இதே மாதிரி ஒன்று ஜெயித்தது.

இதற்கு முன்னால் குடியரசுக் கட்சி எப்படி இருந்தது தெரியுமா? வரவுக்கு மேல் செலவு கூடாது, கடனை அடைத்துவிட்டு வரியைக் குறைக்கலாம் என்று சொல்லும் கறார்க் கட்சி. ஐசனோவர் காலத்தில் உச்ச வரி 91 சதவீதம், அவர் அதைத் தொடவில்லை. அந்தக் கட்சி 1978-க்குப் பிறகு, முதலில் வரியைக் குறை, மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்று மாறியது. காங்கிரஸில் அந்தக் கட்சியின் ஜாக் கெம்ப்பும் வில்லியம் ராத்தும் கொண்டுவந்த 30 சதவீத வரிக் குறைப்புத் திட்டத்தை ரீகன் அப்படியே எடுத்துக்கொண்டார். மாகோம்ப் தொழிலாளிக்குக் கோல்ட்வாட்டர் 1964-இல் தரக்கூடியது ஒன்றும் இருக்கவில்லை. ரீகனுக்கு 1980-இல் இருந்தது.

#11 | நெறியாளர்

தற்போதைய அதிபர் அரசியல் பற்றிய மூன்று பதிவுகள் நீக்கப்பட்டன. இழை தொடங்கியவர் முதலிலேயே சொல்லிவிட்டார். தேநீர் குடித்துவிட்டு வாருங்கள்.

#12 | வடகரை

எல்லோரும் கோபத்தைப் பற்றிப் பேசுகிறோம். கோபம் தானாக வாக்காக மாறாது. 1964 தோல்வியிலிருந்து மீந்த ஒரு பொருளைச் சொல்கிறேன்: பெயர்ப் பட்டியல்.

கோல்ட்வாட்டருக்கு 50 டாலரோ அதற்கு மேலோ கொடுத்தவர்களின் பெயர், முகவரியெல்லாம் சட்டப்படி வாஷிங்டனில் தாக்கல் ஆகியிருந்தது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ரிச்சர்ட் விகுவரி என்ற இளைஞர் அங்கே போய் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான பெயர்களைக் கையால் எழுதி எடுத்தார். அந்தப் பட்டியலிலிருந்துதான் அவருடைய தபால் தொழில் வளர்ந்தது. துப்பாக்கி உரிமை, கருக்கலைப்பு, தொழிற்சங்க எதிர்ப்பு என்று ஒவ்வொரு விஷயத்துக்கும் தனித்தனிக் கடிதம், ஒவ்வொரு கடிதத்துக்கும் திரும்பி வரும் 10 டாலர், 20 டாலர். நிக்சனைப் பதவியிறக்கிய வாட்டர்கேட் ஊழலுக்குப் பின் 1974-இல் வந்த சட்டம், ஒருவர் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலில் 1,000 டாலருக்கு மேல் தரக் கூடாது என்றது. பெரும்பணக்காரர்களை நம்பியிருந்தவர்கள் திண்டாட, சிறு நன்கொடையாளர் பட்டியல் வைத்திருந்தவருக்கு யோகம் அடித்தது. சீர்திருத்தவாதிகள் எதிர்பார்க்காத விளைவு இது. எனக்கு இந்த முழுக் கதையிலும் பிடித்த இடமும் இதுதான்.

1976 பிரைமரியையும் பாருங்கள். பதவியில் இருந்த ஃபோர்டை எதிர்த்து நின்ற ரீகன் ஆரம்பத்தில் வரிசையாகத் தோற்றார். கையில் காசில்லை. வட கரோலைனாவில் செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸின் ஆட்கள் பொறுப்பை எடுத்துக்கொண்டு, அமெரிக்கா கையில் இருந்த பனாமா கால்வாயைப் பனாமாவுக்கு விட்டுக்கொடுக்கப் பார்க்கிறார்கள் என்ற ஒரே விஷயத்தைப் பிடித்து அடித்தார்கள். ஜெயித்தார். அப்புறம் டெக்சஸும் வந்தது. கான்சஸ் சிட்டி மாநாட்டில் 1,187-க்கு 1,070 என்று மயிரிழையில் ஃபோர்டு தப்பினார். தோற்ற அன்றைக்கே அடுத்த தேர்தலுக்கான ஆட்கள் ரீகனிடம் தயார். 1978-இல் கால்வாய் ஒப்பந்தம் செனட்டில் 68-க்கு 32 என்று நிறைவேறியபோதும் அப்படித்தான். வாக்கெடுப்பில் தோற்றார்கள், பட்டியல் மட்டும் பெருத்தது.

#13 | தேநீர்க்கடை

எல்லாம் சரி, ஆனால் நீங்கள் எல்லோரும் வரைபடத்தின் நிறத்தைப் பார்த்து மயங்குகிறீர்கள். 1980-இல் ரீகன் வாங்கியது 50.7 சதவீதம். ஈரான் தலைநகர் டெஹ்ரானில் 52 அமெரிக்கப் பிணைக்கைதிகள், அவர்களை மீட்கப் போன ஹெலிகாப்டர் பாலைவனத்தில் நொறுங்கி 8 வீரர்கள் பலி, ஆப்கானிஸ்தானில் சோவியத் படை, வீட்டில் 13 சதவீதப் பணவீக்கம். அந்த வருடம் கார்ட்டரை எதிர்த்து யார் நின்றிருந்தாலும் ஜெயித்திருப்பார்கள். கடைசி விவாதத்தில் ரீகன் மக்களிடம் கேட்டதே, நாலு வருடத்துக்கு முன்னால் இருந்ததைவிட நன்றாக இருக்கிறீர்களா என்பதுதான். கொள்கை பற்றி அதில் என்ன இருக்கிறது?

கீழ்ச்சபையோ 1955-இலிருந்து 1995 வரை ஜனநாயகக் கட்சியின் கையை விட்டுப் போகவில்லை. 1984-இல் 49 மாநிலம் ஜெயித்தபோதும்தான். மக்கள் ரீகனையும் விரும்பினார்கள், அவர் ஒழிக்க நினைத்த திட்டங்களையும் விரும்பினார்கள். 1981-இல் முதியோர் ஓய்வூதியத்தில் கை வைக்கப் பார்த்தார், செனட் 96-க்கு 0 என்று தீர்மானம் போட்டு அனுப்பிவிட்டது. அவர் கட்சிக்காரர்களே ஒருவர்கூட நிற்கவில்லை! 1982-இல் வரியை ஏற்றினார். 1983-இல் ஓய்வூதிய நிதியைக் காப்பாற்ற மறுபடி ஏற்றினார். மத்திய அரசின் கடன் எட்டு வருடத்தில் ஏறக்குறைய மூன்று மடங்கு. பெருத்த அரசை இளைக்க வைப்பேன் என்று வந்தவர் விட்டுப்போன கணக்கு இது. இதைப் பழமைவாதத்தின் எழுச்சி என்கிறீர்கள், நான் ஒரு திறமையான மனிதரின் வெற்றி என்கிறேன்.

#14 | டெட்ராய்ட்வாசி

தேநீர்க்கடை நண்பரே, அரசின் அளவை வைத்து மட்டும் அளக்காதீர்கள். 1981 ஆகஸ்ட் 3-ஐப் பாருங்கள். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். 48 மணி நேரம் கெடு கொடுத்தார் ரீகன். திரும்பாத 11,000-க்கும் மேற்பட்டவர்களை வேலையை விட்டே தூக்கினார். கொடுமை என்னவென்றால், 1980 தேர்தலில் ரீகனை ஆதரித்த மிகச் சில சங்கங்களில் அதுவும் ஒன்று. ரீகனே ஒரு காலத்தில் நடிகர் சங்கத் தலைவராக இருந்தவர்.

அதற்கு முன்னாலும் வேலைநிறுத்தம் செய்தவர்களுக்குப் பதில் புது ஆள் எடுக்க முதலாளிகளுக்குச் சட்டத்தில் இடம் இருந்தது. ஆனால் செய்யக் கூசினார்கள். அதிபரே செய்தபிறகு கூச்சம் போய்விட்டது. இங்கே மிச்சிகனில் அதைப் பார்த்த பழைய சங்கக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் 1984-இல் மறுபடி அவருக்கே போட்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1982 கடைசியில் நாட்டில் வேலையின்மை 10.8 சதவீதம். இரண்டே வருடத்தில் ஆலைகள் மறுபடி ஓடின, பணவீக்கம் 4 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது. வட்டியை ஏற்றி அதை அடக்கியவர் மத்திய வங்கியின் பால் வோல்க்கர். அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தவர் கார்ட்டர். வலி கார்ட்டருக்கு, அறுவடை ரீகனுக்கு.

#15 | வடகரை

தேநீர்க்கடைக்கு என் பதில்: எதிராளியைப் பாருங்கள். உச்ச வருமான வரி 70 சதவீதத்திலிருந்து 1981-இல் 50-க்கும், 1986 சட்டத்தில் 28-க்கும் வந்தது. அதை மறுபடி 70 ஆக்குவேன் என்று எந்த ஜனநாயகக் கட்சி அதிபரும் சொல்லவில்லை. வரியை ஏற்றுவேன் என்று 1984 மாநாட்டு மேடையில் நேர்மையாகச் சொன்ன மாண்டேலுக்கு என்ன நடந்தது என்று எல்லோரும் பார்த்தார்களே. மறுவருடமே அந்தக் கட்சிக்குள் நடுப்பாதை பேசும் அமைப்பு ஒன்று உருவானது. பிறகு அதற்குத் தலைவரான ஆர்கன்சா ஆளுநர்தான் பில் கிளின்டன்.

குடியரசுக் கட்சிப் பக்கமும் அதே கதை. புதிய வரி கிடையாது என்று 1988-இல் சத்தியம் செய்து 40 மாநிலம் ஜெயித்தார் மூத்த புஷ். 1990-இல் பற்றாக்குறையைச் சமாளிக்க வரி ஏற்றத்துக்கு ஒப்புக்கொண்டார். வளைகுடாப் போரில் ஜெயித்த அதிபரை 1992 நியூ ஹாம்ப்ஷையர் பிரைமரியில் சொந்தக் கட்சியின் பாட் புக்கனன் எதிர்த்து நின்று 37 சதவீதம் எடுத்தார். நவம்பரில் புஷ்ஷுக்குக் கிடைத்தது 37.4 சதவீதம், சுயேச்சையாக நின்ற ராஸ் பெரோவுக்கு 18.9. கிளின்டன் 43 சதவீதத்தில் அதிபர். அவர் 1996 ஜனவரியில் காங்கிரஸில் நின்று பெரிய அரசின் காலம் முடிந்தது என்றார். ஆகஸ்டில், 1935-இலிருந்து ஏழைத் தாய்மார்களுக்கு இருந்துவந்த உதவித்தொகைத் திட்டத்துக்கு முடிவு கட்டும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ரீகன் கேட்டுக் கிடைக்காததை ஜனநாயகக் கட்சி அதிபர் கொடுத்தார். இதற்கு ஒரு தனி மனிதரின் கவர்ச்சி எப்படிக் காரணமாகும்?

#16 | தேநீர்க்கடை

அப்படியென்றால் கோல்ட்வாட்டர் ஏன் கொதித்தார்? 1981-இல் உச்ச நீதிமன்றத்துக்கு முதல் பெண்ணாக சாண்ட்ரா டே ஓ’கானரை ரீகன் நியமித்தபோது ஃபால்வெல் எதிர்த்தார். ஃபால்வெல்லைப் பகிரங்கமாகத் திட்டியவர் கோல்ட்வாட்டர். கடைசிக் காலத்தில் கருக்கலைப்பு உரிமையையும், இராணுவத்தில் ஒருபாலின உறவாளர்கள் சேர்வதையும் ஆதரித்தார் அவர். ஜெயித்தது அவருடைய கொள்கையா, அவர் பெயரில் வேறு ஒன்றா?

#17 | செம்மண்

அதற்கு நான் சொல்கிறேன். கோல்ட்வாட்டர் தனிப்பட்ட முறையில் இனவெறியர் இல்லை, அரிசோனா விமானக் காவல் படையில் இனப் பிரிவினையை நீக்கியவர். ஆனால் 1964-இல் அவர் திறந்த கதவு வழியாக யார் உள்ளே வருவார்கள் என்பதை அவர் தீர்மானிக்க முடியவில்லை.

வந்தவர்கள் ஒரே நாளில் வரவில்லை என்று கணக்குப்பிள்ளை சொன்னதும் இதோடு ஒத்துத்தான் போகிறது. தெற்கில் முதலில் மாறியது அதிபர் வாக்கு மட்டும். ஷெரீஃப், மேயர், கீழ்ச்சபை உறுப்பினர் எல்லாம் பழைய ஜனநாயகக் கட்சிக்காரர்களே. அதிக வருடம் பதவியில் இருந்ததால் காங்கிரஸ் குழுக்களின் தலைமை அவர்கள் கையில், அதனால் ஊருக்கு வரும் பணமும் அவர்கள் கையில். அவர்களை ஏன் மாற்ற வேண்டும்? அவர்கள் ஓய்வு பெறப் பெறத்தான் இடம் கைமாறியது. 1994 நவம்பரில் ஜார்ஜியாவின் நியூட் கிங்ரிச் தலைமையில் குடியரசுக் கட்சி 54 இடம் கூடுதலாகப் பிடித்து, 40 வருடத்துக்குப் பிறகு கீழ்ச்சபையைக் கைப்பற்றியது. தேர்தல் முடிந்த மறுநாளே அலபாமா செனட்டர் ரிச்சர்ட் ஷெல்பி ஜனநாயகக் கட்சியிலிருந்து தாவினார்.

#18 | அரைகுறை

கிங்ரிச் பற்றியும், 1988-இல் நாடு முழுக்க ஒலிபரப்பாகத் தொடங்கிய ரஷ் லிம்பாவின் வலதுசாரி வானொலி நிகழ்ச்சி பற்றியும் யாராவது விரிவாக எழுதுங்களேன். லிம்பா இல்லாமல் 1994 நடந்திருக்குமா?

#19 | நெறியாளர்

1994-க்குத் தனி இழை திறந்திருக்கிறேன். செம்மண்ணின் #17 அங்கே முதல் பதிவாக நகல் எடுக்கப்பட்டுள்ளது. லிம்பா பற்றிய பதில்களை அங்கே போடவும். இங்கே 1992 வரைக்கும் தொடரலாம்.